பதினாறு இன்ச் குறைந்த மாடிப்படி

அனுமதி, கடன், மணல் எல்லாம் எப்படியோ நடந்துவிட்டது. என் தூக்கத்தைக் கெடுத்தது படிதான்.

திருச்சியில் அப்பா கட்டிய வீட்டின் மேல் மாடி எழுப்பினோம். இரண்டு பக்கமும் இரண்டடிச் சந்து, வெளியே படி வைக்க வழியே இல்லை. ஹாலை ஒட்டிய ஸ்டோர் ரூமைப் படிக்கு ஒதுக்கினோம். இன்ஜினியர் பிளான் போட்டுக் கொடுத்தார். மொத்த உயரம் பத்தரை அடி, அதாவது 126 இன்ச். ஏழு இன்ச் வீதம் 18 ஏற்றம் (படிக்குப் படி ஏறும் உயரம்), பத்து இன்ச் மிதி (கால் வைக்கும் அகலம்). எட்டுப் படி ஏறி மூன்றடி லேண்டிங்கில் திரும்பி, மறுபடி எட்டுப் படி; லேண்டிங்கும் மாடித் தரையும் சேர்த்தால் 18. இதற்கு வேண்டிய நீளம் 9 அடி 8 இன்ச். தாளில் அழகாக இருந்தது.

கம்பி வளைக்க ஆள் வந்த அன்று மேஸ்திரி அறைக்குள் டேப் பிடித்தார். 8 அடி 4 இன்ச்! இரண்டு பக்கமும் ஒன்பது இன்ச் சுவரைச் சேர்த்து வெளி அளவை (9 அடி 10 இன்ச்) எடுத்துப் பிளான் போட்டிருக்கிறார் மனிதர். போன் போட்டால், "சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்றார். பதினாறு இன்ச்சை எங்கே போய் அட்ஜஸ்ட் பண்ணுவது? அன்றைய கூலி தண்டம்.

மேஸ்திரி உடனே ஒரு வழி சொன்னார். "எட்டு இன்ச் ஏத்தம், ஒம்பது இன்ச் மிதி வெச்சா உக்காந்திடும் சார்." கணக்கு சரிதான், உட்காரும். ஆனால் வீட்டுப் படிக்கு ஏற்றம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதி 250க்குக் குறையக் கூடாது என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது ஏழரைக்குப் பத்து. விதியை விடுங்கள். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு படி இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். அம்மாவுக்கு ஏற்கெனவே முழங்கால் வலி. வேண்டாம் என்றுவிட்டேன். இரும்புச் சுழல் படியும் அதே காரணத்தால் கழிந்தது.

கடைசியில் வந்த தீர்வு இது. லேண்டிங்கின் ஒரு பாதியைத் தட்டையாக விட்டு, மறுபாதியை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணப் படி. கீழ் இரண்டு படிகளை வாசல் வழியாக ஹாலுக்குள் இழுத்துவிடுவது. அந்த மறுபாதியை மூன்றாக வெட்டினால் இன்னும் இடம் மிச்சம் என்றார் மேஸ்திரி. உள்மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கால் விழும் இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டாக வெட்டினால் 14 இன்ச் கிடைக்கும், மூன்றாக வெட்டினால் ஒன்பதரைதான். இரண்டோடு நிறுத்தினேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சும்மா இருக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரில் சாக்பீஸால் முழுப் படியையும் அசல் அளவில் வரைந்தேன். பிறகு ஸ்டோர் ரூம் வாசற்கால் இருந்த இடத்தில் ஏழு செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மூன்றாவது படியின் உயரம், 21 இன்ச். ஏறி நின்றேன், மண்டை லிண்டலில், அதாவது வாசலுக்கு மேல் ஓடும் உத்திரத்தில், இடித்தது. ஏழடியில் லிண்டல், அதில் 21 இன்ச் போனால் மிச்சம் 5 அடி 3 இன்ச். என் உயரம் 5 அடி 7. ஆறடி மச்சானை நினைத்துப் பார்த்தேன்! இரண்டு படியை வெளியே இழுத்தோமே தவிர, தலை எங்கே போகும் என்று யாரும் பார்க்கவில்லை. லிண்டலையும் மேல்சுவரையும் எடுத்துவிட்டு, முட்டுக்கொடுத்து, ஸ்லாபை ஒட்டி ஒன்பது இன்ச் பீம் போட்டோம். இப்போது அதே இடத்தில் 7 அடி 5 இன்ச் இருக்கிறது. செலவு எகிறியது, ஆனால் கான்கிரீட் போட்டபிறகு தெரிந்திருந்தால்?

பழைய வீட்டில் மாடி எழுப்புபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். மொட்டைமாடித் தட்டோட்டின் மேலிருந்து உயரம் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் தட்டோடும் அதன் அடியில் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பும் சேர்ந்து ஐந்து இன்ச். அதைப் பெயர்த்துவிட்டு, புது டைல்ஸுக்கு இரண்டு இன்ச் சேர்த்துத்தான் அந்த 126 வந்தது. மேஸ்திரி தட்டோட்டு மட்டத்தை வைத்து 129 என்று குறித்திருந்தார். அப்படியே சென்ட்ரிங் அடித்திருந்தால் கடைசிப் படி மட்டும் நாலு இன்ச்சில் நொண்டியிருக்கும்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை. "பதினெட்டா? ஒத்தப்படையில வேணும்டா, நம்ம வீடு என்ன சபரிமலையா?" மாடித் தரையைப் படியாக எண்ணக் கூடாதும்மா, பதினேழுதான் என்றேன். ஏறிக்கொண்டே லாபம், நஷ்டம் என்று எண்ணிப் பார்த்தார். லாபத்தில் முடிந்தது.

பீரோ மட்டும் அந்த முக்கோணத்தில் திரும்பவே இல்லை. பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் ஏற்றினோம்.