-ஹெச் என்றால் என்ன?

மார்ச் 3, செவ்வாய்

இரவு 11.40. என்னோடு வேலை செய்கிற பெண் தெரியாமல் அணைத்துவிட்ட சர்வர் திரும்ப வந்துவிட்டது. அவள் இன்னும் சாப்பிடவில்லை.

மார்ச் 4, புதன்

தூக்கமே இல்லை. "உதவிதானே அக்கா கேட்டேன்" என்று அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஷட்டவுன் கட்டளையை எப்படிப் பயன்படுத்துவது என்று பார்க்கத்தான் ரூட்டில், அதாவது முழு அதிகாரமுள்ள கணக்கில், ஷட்டவுன் -ஹெச் என்று அடித்திருக்கிறாள். அங்கே அந்த எழுத்து உதவி இல்லை, நிறுத்தம். நேரம் சொல்லாமல் விட்டால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு நிமிடம் பொறுத்துவிட்டு மெஷினை அணைத்துவிடும். அந்த நிமிடத்துக்குள் ஷட்டவுன் -சி அடித்திருந்தால் ரத்தாகியிருக்கும். அதை அவளுக்கு யார் சொன்னோம்? எங்கள் பேக்கப் டூலின் கையேட்டில் உதவி பற்றி இருப்பது ஒரே வரி: "மேலும் அறிய ஹெல்ப் ஆப்ஷனைப் பார்க்கவும்." எந்த ஹெல்ப்? முன்னால் எத்தனை சிறு கோடு?

அந்த வரியை எழுதியது நான்.

மார்ச் 5, வியாழன்

நான் இங்கிருந்து கிளம்ப இன்னும் 15 நாள். அதற்குள் அந்த வரியையாவது சரிசெய்துவிட்டுப் போக வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நாள் முழுக்க, மற்ற கட்டளைகளில் -ஹெச் என்ன செய்யும் என்ற தேடல்தான். டிஸ்க் இடத்தைக் காட்டும் டிஎஃப், டியூ இரண்டிலும் அளவை எம்பி, ஜிபி என்று கண்ணுக்குப் புரிகிற மாதிரி காட்டும். கோப்புகளில் சொல் தேடும் கிரெப்பில் கோப்பின் பெயரை மறைத்துவிடும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் டாரில் சிம்லிங்கை (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பை) விட்டுவிட்டு அது காட்டும் கோப்பையே சேர்க்கும். தரவுத்தளத்துக்கான பிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் ஹோஸ்ட், அதாவது இணைய வேண்டிய மெஷினின் பெயர். நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கமிட் -ஹெச் மட்டும் உதவியாகவே வருகிறது, அதுவும் சுருக்கமாக. கிட் கமிட் --ஹெல்ப் என்றால் முழுக் கையேடான மேன் பக்கமே திறக்கும். இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்லில் --ஹெல்ப் கொஞ்சம்தான் காட்டும், எல்லாம் வேண்டுமென்றால் பின்னால் ஆல் என்று சேர்க்க வேண்டும்.

இந்தக் கட்டளைகளில் பலவற்றை எழுதிய குனு திட்டத்தின் விதிமுறையில் இது தெளிவாக இருக்கிறது. --ஹெல்ப் என்று கண்டதும் விவரத்தை அச்சிட்டுவிட்டு வெளியேற வேண்டும், வழக்கமான வேலையைத் தொடங்கவே கூடாது. உதவி கேட்பவரின் கையால் எதுவும் உடையக் கூடாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மார்ச் 9, திங்கள்

திருத்தத்தை அனுப்பினேன். "இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று ஒப்புதல் தர வேண்டியவரிடமிருந்து பதில். கோபத்தில் கை நடுங்கிவிட்டது. கையேட்டைத் திறப்பவர் தெரியாததால்தான் திறக்கிறார். அதுவும் நடு ராத்திரியில், பக்கத்தில் யாரும் இல்லாமல்.

மார்ச் 10, செவ்வாய்

புத்தகங்களைப் பெட்டியில் கட்டியாயிற்று. சமையலறை பாக்கி.

"உதவிக்கு --ஹெல்ப் மட்டும், முன்னால் இரண்டு கோடு. -ஹெச் என்பது ஹோஸ்ட், உதவி அல்ல." இதற்கு மேல் சுருக்க முடியவில்லை. அல்ல என்பதைத் தடித்த எழுத்தில் போடலாமா?

மார்ச் 11, புதன்

பதில் இல்லை.

மார்ச் 12, வியாழன்

அவளையே படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை படித்தாள். "அப்போ நம்ம பேக்கப் டூலில் -ஹெச் போட்டுட்டு பின்னால் ஏதாவது அடித்தால்?" அடித்தோம். அந்தச் சொல்லை ஹோஸ்ட் பெயராக எடுத்துக்கொண்டு தேடப் போனது. கிடைக்கவில்லை, வெறும் பிழைச் செய்தியோடு நின்றது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஸுக்குத் தெரியாத ஆப்ஷனைக் கொடுத்தால்கூட, --ஹெல்ப் அடித்துப் பார் என்று கடைசியில் ஒரு வரி வரும். எங்கள் டூலிலும் அந்த வரி வர வேண்டும். அதையும் திருத்தத்தில் சேர்த்தேன். இனிக் கையேடு மட்டும் இல்லை, டூலின் நிரலும் மாறுகிறது. இன்னொருவர் ஒப்புதலும் வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

இன்னும் 7 நாள். ஒருவர் சரி சொல்லிவிட்டார்! இன்னொருவர் பாக்கி.

காலையில் வந்ததும் அவள் கேட்டாள்: மற்ற ஆப்ஷன்களையெல்லாம் அடித்துவிட்டு கடைசியில் --ஹெல்ப் போட்டால், டூல் முதலில் வேலையைத் தொடங்குமா, உதவியைக் காட்டுமா? எனக்கு இது தோன்றவே இல்லை. டெஸ்ட் மெஷினில் பார்த்துவிட்டு வந்து