ஆனி மாதக் குறிப்புகள்

ஜூன் 17

அப்பாவின் சாம்பிள் லேப்புக்குப் போய்விட்டது. ரிசல்ட் வியாழன் வரும் என்றார்கள். அப்பாவுக்குச் சொதி வேண்டுமாம். நர்ஸிடம் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜூன் 18

மெட்ராஸ்காரன் போன். நாங்கள் செய்யப்போகும் கேமுக்கு மாதக் கடைசிக்குள் ஒரு ஐடியாவை முடிவு செய்தாக வேண்டும். பனையேறி, வெள்ளம், தேர் என்று மூன்றையும் எக்செல்லில் ஏற்றி மார்க் போட்டிருக்கிறான்: புதுசா, செலவு எவ்வளவு, ஜனங்களுக்குப் பிடிக்குமா. பனையேறிக்கு 8, வெள்ளத்துக்கு 7, தேருக்கு 4. "பிடிக்குமா" கட்டத்துக்கு எப்படி மார்க் போட்டாய் என்று கேட்டால், "குத்துமதிப்புதான்" என்கிறான்.

ஆடுபுலி ஆட்டத்துக்கு இவன் என்ன போடுவான்? 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. கதை இல்லை, கலர் இல்லை. கோயில் கல்தளத்தில் செதுக்கி வைத்து ஆடியிருக்கிறார்கள். 1984-ல் மாஸ்கோவில் பாஜித்னோவ் என்பவர் டெட்ரிஸ் என்ற கம்ப்யூட்டர் கேமைச் செய்தார். நாலு சதுரம் ஒட்டிய துண்டு மேலேயிருந்து விழும், வரிசை நிரம்பினால் காணாமல் போகும். இதை வாயால் சொல்லிப் பாருங்கள், கொட்டாவிதான் வரும்.

கதை உள்ள ஐடியா சொல்லும்போதே இனிக்கிறது. விதி மட்டும் உள்ள ஐடியாவைச் சொல்லவே முடிவதில்லை. மார்க் எப்போதும் சொல்லுக்குத்தான் விழுகிறது.

ஜூன் 19

வியாழன் வந்தது. அது வரவில்லை.

ஜூன் 21

பக்கத்துக் கட்டில் பெரியவர் திருநெல்வேலி டவுன்காரர். சின்ன வயதில் நெல்லையப்பர் தேருக்குக் கட்டை போட்டவராம். இந்த வருஷம் தேர் பார்க்க முடியாது என்ற எரிச்சலில் இருக்கிறார், பேச ஆள் கிடைத்ததும் விடவில்லை. வாகையடி முக்கில் தேர் எப்படித் தயங்கும், எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு சரிவாகக் கட்டை கொடுத்தால் எந்தப் பக்கம் முகம் திருப்பும் என்று போர்வையை மடித்துச் சக்கரமாக்கி, மாத்திரை டப்பாவைக் கீழே செருகிக் காட்டினார். இடது கை எப்போதும் டப்பாவின் பின்பக்கத்தை மட்டும்தான் பிடித்தது. விரல் ஒருதரம்கூட முன்னால் வரவில்லை.

நான் மேலே அலங்காரம், கூட்டம், வடம் எல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"கட்ட போடுதவனுக்குத் தேரே தெரியாதுல்லா தம்பி. சக்கரம் மட்டுந்தான் தெரியும். சாமிய, தேர் நிலைக்கு வந்தப்புறம் கும்பிட்டுக்கிடலாம்."

என் நோட்டில் வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி நாலு ரத வீதியும் வரைந்து வைத்திருந்தேன். இரண்டு பக்கத்தைக் கிழித்துவிட்டேன். காமிரா தரையில் இருக்க வேண்டும், முழங்கால் உயரத்துக்கும் கீழே. அப்படியானால் இதுவரை நாங்கள் மார்க் போட்டது எந்த கேமுக்கு?

அப்பா தூங்குவது போல் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "இத வெளையாடவா சம்பளத்த விட்டுட்டு வந்த?"

ஜூன் 22

மழை இல்லை. காற்று மட்டும். குற்றாலத்தில் சாரலாம்.

ஜூன் 24

ராத்திரி வராண்டாவில் உட்கார்ந்து, கேம் செய்கிற சாஃப்ட்வேரான கோடோவில் போட்டுப் பார்த்தேன். படமே இல்லை. உருளுகிற சாம்பல் வட்டம், ஒரு முக்கோணம், கை என்று ஒரு சதுரம். விரலால் தள்ளினால் முக்கோணம் சக்கரத்துக்கு அடியில் போகும்.

சப்பென்று இருந்தது. ஸ்டேப்ளர் அடிப்பது போல, வைத்தால் வைத்தது. சரி, 4 மார்க் சரிதான் என்று மூடப் போனேன்.

ஜூன் 25

தங்கச்சி அப்பாவைப் பார்க்க மருமகனோடு வந்தாள். அவனிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் தட்டிவிட்டு "நல்லாருக்கு மாமா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தான். வாய் சொல்வதில் ஒன்றுமில்லை. போன் எவ்வளவு சீக்கிரம் என் கைக்கு வருகிறது, அதுதான் கணக்கு.

ஆனால் ஒரே ஒரு தடவை கெக்கெக்கென்று சிரித்தான். கோடில் எங்கோ கோளாறு, கட்டையை வைத்த பிறகும் கைச் சதுரம் அங்கேயே ஒட்டிக்கொண்டது, சக்கரம் அதன் மேல் ஏறப் போனது. "மாமா, கையி! கையி!"

ஜூன் 26

மேஜையில் கேட்டால் "லேப்ல கேளுங்க". லேப்பில் கேட்டால் "டாக்டர்ட்ட கேளுங்க".

செய்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எரிகிறது. ஃப்ளாப்பி பேர்ட் என்ற போன் கேம் 2013 மே மாதம் வந்தது. அடுத்த ஜனவரி வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் உலகமே ஆடியது, பிப்ரவரியில் செய்தவரே எடுத்துவிட்டார். த்ரீஸ் என்ற கேமைச் செய்தவர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்து 2014 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். அடுத்த மாதமே அதன் சாயலில் 2048-ஐ ஒரு இளைஞர் வாரக்கடைசியில் செய்து இலவசமாக விட்டார், ஊரெல்லாம் அதைத்தான் ஆடியது. செய்த பிறகும் தெரியாது. அப்போது முன்னால் தெரியவில்லையே என்று எதற்கு அழ வேண்டும்?

தெரியவில்லைதான். இருந்தாலும் அழுகை வருகிறது. கேமுக்காக இல்லை.

ஜூன் 28

கோளாறைச் சரிசெய்யவில்லை, விதியாக்கிவிட்டேன். கையை எடுக்கும் நேரம் ஆடுகிறவன் பொறுப்பு. சீக்கிரம் எடுத்தால் கட்டை நழுவும், தாமதித்தால் கை போகும். தேர் எவ்வளவு பெரியது என்று காட்டவே வேண்டாம், பயமே காட்டிவிடுகிறது. இதை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மருமகனுக்கு அனுப்பினேன். நல்லாருக்கு என்று பதில் வரவில்லை. சாயங்காலம் தங்கச்சி பேசினாள்: "என்னத்தண்ணே அனுப்பி வச்ச? சோத்துக்குக் கூப்பிட்டா வரமாட்டேங்கான்."

பெரியவருக்கும் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் திரையைத் தூரப் பிடித்துப் பார்த்து, "சத்தம் எங்க?" என்றார். கட்டை கடிபடும் சத்தம் கேட்டுத்தான் கை எடுப்பார்களாம். இது முதலிலேயே தெரிந்திருந்தால்! அவருக்கும் சக்கரத்தைப் பார்த்த பிறகுதானே ஞாபகம் வந்தது.

ஜூன் 29

பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சத்தத்தை எங்கே பதிவு செய்வது?

ஜூன் 30

மெட்ராஸ்காரன் காலையிலிருந்து நாலு மிஸ்டு கால். தேர் என்று மட்டும் மெசேஜ் போட்டேன். "4 மார்க்டா" என்று வந்தது. ஃபைலை அனுப்பி, ஹெட்போன் போட்டு ஆடு என்றேன். ஒரு மணி நேரமாகப் பதில் இல்லை. நல்லதா கெட்டதா

டாக்டர் கூப்பிடுகிறார்.