சித்தப்பாவின் டூயலும் ஒரு துண்டு வால்டியூபும்

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டூயல் 1019 ரெக்கார்ட் பிளேயர், குளச்சல் வீட்டு மச்சில் இருபது வருடமாகக் கிடந்தது. போன வருடம் சித்தி அதை என்னிடம் தந்தார். ஜெர்மனியில் செய்த 1960-களின் இயந்திரம். சுழலும் தட்டு மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல். லீவரைத் தள்ளினால் ஊசி பொருத்திய கை தானே எழுந்து இசைத்தட்டின் ஓரத்தில் இறங்கும். பாட்டு முடிந்ததும் தானே திரும்பிவந்து படுத்துக்கொள்ளும். சின்ன வயதில் அதை வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். பாட்டு வந்தால் மட்டும் போதாது, அந்தக் கை தானே நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் லீவர் அசையவே இல்லை. பலம் போட்டுத் தள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் வார்ப்புப் பாகம் உடைந்தால் அப்புறம் கிடைக்காது. தட்டைக் கழற்றிப் பார்த்தால், பழைய கிரீஸ் பலாப்பழப் பிசின் மாதிரி இறுகியிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் வைத்து மூன்று ராத்திரி துடைத்தேன். கடற்காற்றில் துருவேறிய திருகுகளுக்கு இன்னொரு ராத்திரி. முன்பு எப்போதோ பழுது பார்த்த கடையில் கண்ட இடத்தில் எண்ணெய் விட்டிருந்தார்கள். மோட்டாரிலிருந்து தட்டுக்குச் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் சக்கரத்தில் அது படிந்து வழுக்கியது. அந்தச் சக்கரத்தை ஆல்கஹாலில் துடைத்து, நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்ததும் பிடிமானம் வந்துவிட்டது. மோட்டார் பேரிங்குகளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. சுவிட்சின் குறுக்கே இருந்த பழைய கெபாசிட்டர் வெடித்திருந்ததால் புதிது போட்டேன்.

இப்போது லீவர் நகர்ந்தது, கை எழுந்தது. ஆனால் பக்கவாட்டில் போகாமல் அதே இடத்திலேயே இறங்கியது. இரண்டு வாரம் இதிலேயே போயிற்று. கடைசியில் காரணம் புரிந்தது. கையை நகர்த்தும் நெம்புகோலின் நுனியில் அரிசி மணி அளவில் ஒரு ரப்பர் உறை உண்டு. அதன் உராய்வில்தான் கை பக்கவாட்டில் நகரும். ரப்பர் காலப்போக்கில் பொடிந்து உதிர்ந்திருக்கிறது. நுனியில் வெறும் இரும்புதான் மிச்சம்.

குளச்சல் சைக்கிள் கடைக்குப் போய், டயரில் காற்றடைக்கும் வால்வின் மேல் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயான வால்டியூப் கேட்டேன்.

“சைக்கிளு எங்க மக்கா?” என்றார் அண்ணாச்சி.

விஷயத்தைச் சொன்னதும் ஒரு சாண் வெட்டிக் கொடுத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். அதில் சில மில்லிமீட்டர்தான் தேவைப்பட்டது. நீளம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கை சரியாக நடக்காது. நான்காவது துண்டுதான் சரியாக அமைந்தது.

வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் உள்ள ஸ்ட்ரோப் தாளைத் தட்டில் வைத்தேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு துடிக்கும் விளக்கொளியில், தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சரியாக ஓடினால் கோடுகள் நின்றதுபோல் தெரியும். எல்இடி பல்பில் தெரியவில்லை. சமையலறையில் இருந்த பழைய சோக் டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோனதும் பளிச்சென்று தெரிந்தது. ஷூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் (கையின் நுனியில் ஊசியைத் தாங்கும் பாகம்) செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் சித்தப்பாவின் ஷூர் எம்44 கார்ட்ரிட்ஜுக்கு ஜப்பானிய ஜிகோ நிறுவனத்தின் ஊசி பொருந்தியது. ஊசியழுத்தம் 2 கிராம் வைத்தேன்.

சித்தியை அழைத்து 33⅓ வேகத்தில் ஓடும் ஒரு எல்பி இசைத்தட்டைப் போட்டேன். பக்கம் முடிந்து கை எழுந்து திரும்பும்போது சித்தி பேச்சை நிறுத்திவிட்டார். “தானா போவுது பாத்தியா, அவரு இருந்தா...” என்று அதோடு விட்டார். பெட்டியில் சித்தப்பாவின் 78-களும், அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டுகளும், இருக்கின்றன. இயந்திரத்தில் அந்த வேகம் உண்டு, ஆனால் அவற்றின் அகலமான பள்ளத்துக்கு எல்பி ஊசி ஆகாது. தனி ஊசிக்குச் சொல்லியிருக்கிறேன்.