சுவருக்கு இந்தப் பக்கம் வடிசாலை, அந்தப் பக்கம் பார்

நான் கணக்கு எழுதும் விஸ்கி வடிசாலைக்குள் ஒரு சுவர் குறுக்கே ஓடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் செம்புக் கொதிகலன், ஊறல் தொட்டிகள், அடுக்கிவைத்த பீப்பாய்கள். அந்தப் பக்கம் பார். வெள்ளி, சனி இரவுகளில் உள்ளூர்க்காரர் யாராவது கிதார் வாசிப்பார். இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே கூரை. ஆனாலும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டில் அந்தப் பக்கம் போக வேண்டுமானால், அதில் இருப்பது எவ்வளவு, எத்தனை புரூஃப் (ஆல்கஹால் சதவீதத்தின் இரு மடங்கு), அதற்கு அரசுக்குச் சேர வேண்டிய வரி எவ்வளவு என்று எழுதி முடித்த பிறகுதான் போகும். அதை எழுதுகிறவள் நான்.

ஊர், கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டனுக்குத் தெற்கே. ஜார்ஜ்டவுன் டொயோட்டா ஆலைக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் கணவருக்கு வேலை. அவரை நம்பி வந்த விசாவில் எனக்கு வேலை அனுமதி கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. அந்த வருடங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், விடுங்கள். அனுமதி அட்டை கைக்கு வந்ததும், கோயிலில் பழக்கமான ஒரு அக்காதான் சொன்னார்: "ஒரு சின்ன டிஸ்டில்லரிக்கு அக்கவுண்ட்ஸ் பார்க்க ஆள் தேடுறாங்க. நீ பி.காம் தானே, போய்ப் பாரேன்."

அம்மாவிடம் போனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஏண்டி, சாராயம் காய்ச்சுற எடத்துலயா வேலைக்குப் போற?" என்றாள். அவள் அப்படிக் கேட்டதில் தவறே இல்லை. எங்கள் தெருவில் குடியால் உட்கார்ந்துபோன குடும்பங்களை அவள் பக்கத்தில் இருந்து பார்த்தவள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை 2017இல் அகற்றியபோது, அந்தக் கடைகள் ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்களே, அவர்களில் அவளும் ஒருத்தி. அந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். நானும் குடிப்பதில்லை. ஆனால் இந்தத் தொழிலை அது நடக்கும் இடத்திலேயே இருந்து பார்த்த பிறகு, மதுவைப் பற்றிய என் எண்ணம் மாறாவிட்டாலும், மதுவை ஒரு சமூகம் எப்படிக் கட்டுக்குள் வைக்கலாம் என்பது பற்றிய எண்ணம் நிறையவே மாறியிருக்கிறது.

முதலில் அந்தச் சுவர். குடியிருக்கும் வீட்டிலோ, அதோடு சேர்ந்த கொட்டகையிலோ, மதுவைச் சில்லறையாக விற்கும் இடத்திலோ வடிசாலை இருக்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்கிறது. அப்படியானால் வடிசாலைக்குள் எப்படி பார் வந்தது? கட்டடம் ஒன்றாக இருக்கலாம், இடம் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். எது எங்கே முடிகிறது என்று வரைபடம் போட்டுக் கருவூலத் துறையின் மதுவரிப் பிரிவிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். கொதிகலன் இருக்கும் பகுதிக்கு 'பாண்டட்' என்று பெயர். அங்கே இருக்கும் சரக்குக்கு இன்னும் வரி கட்டவில்லை. வரி கணக்கிட்ட பிறகுதான் அது சுவரைத் தாண்டலாம். பார் பக்கத்துக்கு மாநில அரசின் லைசென்ஸ் தனி.

வரிக்கணக்கின் அலகு புரூஃப் கேலன். பாதிக்குப் பாதி ஆல்கஹால் உள்ள ஒரு கேலன் திரவம் ஒரு புரூஃப் கேலன். வழக்கமான வரி 13 டாலர் 50 சென்ட். ஒரு வடிசாலை வருடத்தில் வெளியே எடுக்கும் முதல் ஒரு லட்சம் புரூஃப் கேலனுக்கு மட்டும் 2 டாலர் 70 சென்ட். 2018இல் தற்காலிகமாக வந்த இந்தச் சலுகையை 2020 டிசம்பரில் நிரந்தரமாக்கினார்கள். 750 மில்லி, 90 புரூஃப் பாட்டில் ஒன்றுக்கு இப்போது சுமார் 48 சென்ட். சலுகை இல்லாவிட்டால் 2 டாலர் 40 சென்ட்டாகியிருக்கும். எங்களைப் போன்ற சிறிய இடத்தில் ஒரு ஆளின் சம்பளம் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

கணக்கு எழுத எழுத, இங்கே வடிக்கும் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கியே பிடிபட்டது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். வடிக்கும்போது 160 புரூஃபைத் தாண்டக் கூடாது. உள்பக்கம் கரியாகச் சுட்ட புது ஓக் மரக் கலத்தில் 125 புரூஃபுக்கு மேல் போகாமல் ஊற்ற வேண்டும். 53 கேலன் பீப்பாயை முழுக்க நிரப்பினால் 66 புரூஃப் கேலன் எழுதுவேன். வருடங்கள் கழித்துத் திறந்து அளக்கும்போது அது கணிசமாகக் குறைந்திருக்கும். கோடையில் கிடங்கு கொதிக்கும், மரத்தின் வழியே ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். கிடங்கைச் சுற்றியுள்ள மரங்களும் சுவர்களும் கறுத்துக் கிடக்கும். அந்த ஆவியை உண்டு வளரும் ஒரு பூஞ்சை அது. வடித்து மிஞ்சிய தானியக் கழிவைப் பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கு எடுத்துப் போவார். அந்தக் கழிவின் புளித்த வாடை மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை.

சரி, வடிப்பவர்களுக்கு பார் எதற்கு? எங்கள் முதலாளிகள் கணவன் மனைவி இருவர். நல்ல போர்பன் வேண்டுமென்றால் நான்கு வருடமாவது காத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1897இல் வந்த 'பாட்டில்டு இன் பாண்ட்' சட்டப்படி முத்திரை போட வேண்டுமானாலும் குறைந்தது நான்கு வருடம், ஒரே வடிசாலை, ஒரே பருவம், 100 புரூஃப். அந்த நான்கு வருடமும் சோளம் வாங்க வேண்டும், பீப்பாய் வாங்க வேண்டும், வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். விற்பதற்குச் சரக்கு இருக்காது. போதாததற்கு, கிடங்கில் கிடக்கும் பீப்பாய்க்கு கென்டக்கியில் வருடா வருடம் சொத்து வரி உண்டு. 2023இல் போட்ட சட்டத்தின்படி 2026 முதல் அது படிப்படியாகக் குறைந்து, 2043இல்தான் முழுக்க ஒழியும். பெரிய கம்பெனிகள் தாங்கும். சிறியவர்கள் என்ன செய்வார்கள்? வடித்த அன்றே விற்கக்கூடிய வோட்காவும் ஜின்னும் செய்வார்கள், வேறு வடிசாலையின் முதிர்ந்த விஸ்கியை வாங்கிப் பாட்டிலில் அடைப்பார்கள், பார் நடத்துவார்கள். எங்கள் பேரேட்டைப் பார்க்கிற எனக்குத் தெரியும்: அந்த வருடங்களில் சம்பளப் பட்டியலைத் தூக்கி நிறுத்தியது பார்தான்.

அந்த பார் நடத்தும் உரிமையே சமீபத்தில் வந்தது. 2016க்கு முன்னால் கென்டக்கி வடிசாலைகள் வந்தவர்களுக்குக் கொஞ்சம் ருசி பார்க்கக் கொடுக்கலாம், நினைவுப் பொருளாக பாட்டில் விற்கலாம். ஒரு கிளாஸ் காக்டெயில் விற்க முடியாது. அந்த வருடம் மாநில சட்டசபை 'செனட் பில் 11' என்ற சட்டத்தை நிறைவேற்றிய பிறகு நிலைமையே மாறிப்போனது. லூயிவில்லில் மெயின் ஸ்ட்ரீட் பக்கம் போனால் மிக்டர்ஸ் ஃபோர்ட் நெல்சன் கட்டடத்தில் கொதிகலன்களோடு ஒரு பார் இருப்பதைப் பார்க்கலாம். லெக்சிங்டனில் மான்செஸ்டர் தெருவில், பழைய ஜேம்ஸ் பெப்பர் வடிசாலை வளாகத்தில், பேரல் ஹவுஸ் என்ற சிறு வடிசாலையும் அதை ஒட்டியே எல்க்ஹார்ன் டாவர்னும் இருக்கின்றன. ஊரிலிருந்து வருகிறவர்களை நான் அழைத்துப்போவது அங்கேதான். ஒரு காலத்தில் இடிந்து கிடந்த அந்த வளாகத்தில் இன்று சனிக்கிழமை சாயங்காலம் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதற்கு 1920இல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு வருவதற்கு முந்தைய கதையைச் சொல்ல வேண்டும். அப்போது காய்ச்சுகிறவனே பாருக்கும் சொந்தக்காரன், அல்லது பார்காரனைக் கடனில் கட்டி வைத்திருப்பவன். கம்பெனிக்குச் சரக்கு தள்ள வேண்டும், அதனால் பார்காரன் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றிக் கொடுப்பான். மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது, மதுவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்குப் போனது. பெரும்பாலான மாநிலங்கள் தொழிலை மூன்றாகப் பிரித்தன: தயாரிப்பவர், மொத்த வியாபாரி, சில்லறைக்காரர். எங்கள் பார் போன்ற விலக்குகள் தவிர, ஒருவர் இன்னொருவரின் தொழிலைச் செய்யக் கூடாது. நியூபோர்ட்டில் இருக்கும் நியூ ரிஃப் வடிசாலை இதற்கு நல்ல உதாரணம். அதைத் தொடங்கிய கென் லூயிஸ், 'பார்ட்டி சோர்ஸ்' என்ற மிகப் பெரிய மதுக்கடையின் உரிமையாளர். வடிசாலை வேண்டுமென்றால் கடையை விட்டாக வேண்டும். அவர் கடையைத் தன் ஊழியர்களுக்கே விற்றுவிட்டு, 2014இல் வடிசாலையைத் திறந்தார். அதே வாகன நிறுத்தத்தின் இந்தக் கோடியில் வடிசாலை, அந்தக் கோடியில் கடை.

எங்கள் பாரில் காக்டெயிலில் கலக்கும் வெர்மூத் ஒயின், வேறு கம்பெனியுடையது, ஒரு பாட்டில் தீர்ந்துபோனாலும், ஓடிப்போய்க் கடையில் வாங்கி வந்துவிட முடியாது. மொத்த வியாபாரியின் வண்டி வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். அரசே மொத்தமாக வாங்கி அரசே கடை வைத்து விற்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்த எனக்கு, மூன்று பேர் ஒருவரையொருவர் கண்காணிக்கிற இந்த ஏற்பாடு முதலில் வேண்டாத சுற்றுவழியாகத்தான் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டவர்கள் பலியான செய்தியை, மாத அறிக்கை எழுதிக்கொண்டிருந்த மேசையில்தான் படித்தேன். அன்று என் முன்னால் இருந்த தாளில், எந்தத் தொட்டியிலிருந்து எந்தப் பீப்பாய்க்கு எவ்வளவு போனது என்பது தசம எண் வரை இருந்தது. அந்த வேலையை அலுப்போடு செய்ய அதற்குப் பிறகு எனக்கு மனம் வந்ததில்லை.

போர்பன் என்றாலே கென்டக்கி என்கிறார்கள். ஆனால் இந்த மாநிலத்தின் 120 கவுண்ட்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) எல்லா இடத்திலும் மது கிடைக்காது. முழுக்க விற்கலாம் என்கிற கவுண்ட்டி 'வெட்'. விற்கவே கூடாது என்றால் 'டிரை'. நடுவே, ஏதோ ஒரு நகரத்தில் மட்டும், அல்லது சாப்பாடு பிரதானமாக விற்கும் உணவகங்களில் மட்டும் என்றால் 'மாயிஸ்ட்'. இதை முடிவு செய்வது அந்தந்த ஊர் மக்கள். கடைசிப் பொதுத் தேர்தலில் பதிவான வாக்குகளில் 25 சதவீதத்துக்குச் சமமான பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். பக்கத்து மாநிலமான டென்னசியில், ஜாக் டேனியல்ஸ் விஸ்கி வடிக்கும் மூர் கவுண்ட்டியே 'டிரை' என்று அறிந்தபோது என்னால் நம்ப முடியவில்லை. போர்பன் என்றே பெயர் கொண்ட கவுண்ட்டியில், மதுவிலக்குக்குப் பின் முதல் வடிசாலை 2014இல்தான் வந்தது.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், ஒரு சொட்டும் தொடாதவர். தன் சொந்த ஊரில் மது வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியதை என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று தெரிந்தும் என் பிள்ளைக்குப் பள்ளிப் பேருந்து வரும்வரை துணைக்கு நிற்பவர் அவர்தான். அம்மாவிடம் அவரைப் பற்றிச் சொன்னேன். "நாங்க ரோட்டுல உக்காந்து கேட்டதை அவங்க ஓட்டுப் போட்டு வாங்கிட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் எனக்கு வலித்தது. வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் உரிமை ஊர்க்காரர்களின் கையில் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதனால் என் வேலையே போகுமென்றாலும்.

போகாது என்று சொல்லவும் முடியாத காலம் இது. மாநிலத்தின் மக்கள்தொகை 45 லட்சம். கிடங்குகளில் முதிரும் பீப்பாய்கள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். குடிப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். 2025 மார்ச்சில் இரு நாடுகளுக்கும் இடையிலான இறக்குமதி வரிச் சண்டையால் கனடாவின் பல மாகாணங்கள் அமெரிக்க மதுவைக் கடை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டன. புது பீப்பாய் நிரப்புவதை நாங்களும் குறைத்திருக்கிறோம். பார் மட்டும் அதே கூட்டத்தோடு நடக்கிறது.

இங்கே சுற்றிப் பார்க்க வருகிற நம்மவர்களுக்கு ஒரு விஷயம். வாசலில் வயதுச் சான்று கேட்பார்கள், நரைத்த தலைக்கும் கேட்பார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை அழைத்து வந்தால் அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்து வாருங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு வடிசாலைகள் போவதாக இருந்தால், ஓட்டுவதற்கு குடிக்காத ஒருவர் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் வண்டி அமர்த்திக்கொள்ளுங்கள். இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் என்பது வரம்பு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம்தானே என்று குடித்து வந்தால் அந்த வரம்பு எப்போது வந்தது என்றே தெரியாது. விசாவில் இருப்பவர்கள் குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம். அப்படி ரத்தான ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பாதி வருடத்தில் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். எங்கள் பாரில் ஓட்டுநராக வருகிறவருக்கு மது இல்லாத இஞ்சி ஏல் பானம் இலவசம். அது வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.