முக்கால் லிட்டர் தண்ணீர்

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் சேர்த்து. எங்க வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் போய், வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் என்று ஆனபிறகு டாக்டர் சொன்ன கணக்கு இது. காலையில் எழுந்ததும் ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி அடுப்படியில் வைத்துவிடுவேன். களக்காட்டில் வாழைத்தார் சுமந்த மனுஷன், சித்திரை வெயிலில் செம்பு செம்பாகக் குடித்துப் பழகினவர். மத்தியானமே பாட்டில் காலியானால் என் முகத்தைப் பார்ப்பார். பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொள்வேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு ஒரே ஜெபம்தான், சுகம் வேண்டும். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், ஒன்றையும் விடவில்லை. ஒரு கூட்டத்தில் தலையில் கைவைத்து ஜெபித்தவர், "உமக்குச் சித்தமானால்னு சொல்லாதீங்கம்மா, அது அவிசுவாசம்" என்றார். விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். இரண்டு ராத்திரி தூக்கமில்லை. வியாழக்கிழமை விடிந்ததும் வழக்கம்போல திருநெல்வேலி பஸ் ஏறிவிட்டோம். அன்று ஏறினதற்காக இன்றைக்கும் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். நாள் தவறவிட்டு, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுக்குத் தவித்தபடி வந்தவர்களை அந்த வார்டில் பார்த்திருக்கிறேன்.

என் கிட்னி ஒன்றைக் கொடுக்க முன்வந்தேன். பரிசோதித்ததில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அதில்தான் நான் உடைந்தேன். கொடுக்க வந்ததையும் வேண்டாம் என்கிற தேவனிடம் என்ன பேசுவது? அதற்கப்புறம் கோவிலில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது "உம்முடைய சித்தம்" என்ற இடம் வந்ததும் வாயை மூடிக்கொள்வேன். "அன்றன்றுள்ள அப்பம்" வந்ததும் சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் நிற்கிற அத்தைக்குக்கூடத் தெரியாது.

எங்கள் சபையை நடத்துகிற உபதேசியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் புத்தி சொல்லவில்லை. மத்தேயு 26இல், சிலுவைக்கு முந்தின ராத்திரி இயேசு ஜெபிக்கிற பகுதியைத் திறந்து கொடுத்து, "கெத்செமனேயில ஆண்டவர் எத்தனை தரம் கேட்டாருன்னு எண்ணும்மா" என்றார். மூன்று தரம். முதல் தரம், கூடுமானால் இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்கிறார். இரண்டாம் தரம் வார்த்தை மாறுகிறது: நான் குடித்தாலொழிய இது நீங்காது என்றால், உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும். சின்ன வயசிலிருந்து கேட்ட பகுதி, இந்த வித்தியாசம் என் கண்ணில் பட்டதே இல்லை. கெத்செமனே என்றால் எண்ணெய்ச் செக்கு என்று அர்த்தமாம். "கேக்க வேண்டியதைக் கேளும்மா. கேக்காம யாரும் ஒப்புக்கொடுக்க முடியாது" என்றார்.

அன்றிலிருந்து அப்படியே ஜெபித்தேன். இவருக்குச் சுகம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிட்டு, முடிந்தால் 'உம்முடைய சித்தத்தின்படி ஆகட்டும்' என்ற அடுத்த பாதி. பல நாள் முதல் பாதியோடு நின்றுவிடும். எழுந்து பாத்திரம் விளக்கப் போய்விடுவேன்.

இடையில் ஒருநாள் டோனாவூர் போயிருந்தேன். அங்கே பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931இல் எங்கள் களக்காட்டில்தான் ஒரு குழியில் தவறி விழுந்தார். 1951இல் கண்மூடும்வரை 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்காகவும் எத்தனை பேர் சுகம் கேட்டு முழங்கால் போட்டிருப்பார்கள்! அவரை அடக்கம் பண்ணின இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் வெகுநேரம் நின்றேன்.

டயாலிசிஸ் ஊசி போட, எங்க வீட்டுக்காரர் இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருக்கிறார்கள். ராத்திரி தொட்டுப் பார்க்க வேண்டும். விரலுக்கடியில் பூனை உறுமுகிற மாதிரி விர்ரென்று ஓடினால் ரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, விரலை வைத்தபடியே இரண்டாம் பாதியைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவர் முழித்துவிட்டார்.

"ஏளா, என்ன?"

"ஒண்ணுமில்ல, படுங்க."

அழுகை வந்தது, ஆனால் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்த ஒன்று இறங்கியிருந்தது. அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. கோடையில் அவர் நாக்கு வறண்டு தவிக்கும்போது மறுபடியும் முதல் பாதிக்கே போய்விடுகிறேன். அரசாங்கப் பட்டியலில் பேர் பதிந்து கிட்னிக்குக் காத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை இப்போது வாய் திறந்து சொல்கிறேன்.

பாட்டிலில் இன்னும் இருநூறு மில்லி இருக்கிறது. ராத்திரி இட்லிக்கு அப்புறம் குடிக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறார்.