எட்டுக் குடமும் ஓர் எட்டும்

ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஸ்டோரில் 22 வருடம் வேலை பார்த்தேன். 2001-இல் போனவன், 2023 ஏப்ரல் கடைசியில் ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. கூட்டிப் பார்த்தால், அத்தனை காலத்தில் நான் என் வீட்டில் இருந்தது 20 மாதம். கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. தெருவுக்குப் பத்து சபராளிகள், அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர்கள், உண்டு.

நான் வந்தபோது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கிடைக்கும், விலையைக் கேட்டாலே தொண்டையில் முள் குத்தும். இருந்தும் என் தட்டில் சீலாத் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. ஜூன் பிறந்ததும் ஒருநாள் மலிவான சூடை மீன் வந்தது. விடுப்பு முடிந்துவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பள்ளிவாசல் வாசலில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "பயணம் எப்போது?" டிக்கெட் இன்னும் போடவில்லை என்று மூன்று மாதம் பொய் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. திரும்பிப் போகிறவனிடம்தான் கைமாற்றும் கேட்பார்கள், விசாவும் கேட்பார்கள்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் பணிக்கொடை முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள். அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. படி, ஓவர்டைம் எல்லாம் சேர்த்து மனக்கோட்டை கட்டியிருந்த எனக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. ஊரோடு வந்துவிட்டால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும் என்பது விதி. அதன் வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் அத்தோடு போய்விடும். இதற்காக வங்கிக்கு மூன்று முறை நடந்தேன். பாஸ்போர்ட்டில் ஊர்ப் பெயரின் 'ழ'வுக்கு 'எல்' போட்டிருக்கிறார்கள், ஆதாரில் 'இசட் எச்'. கவுன்ட்டரில் இருந்தவருக்கு அவை இரண்டு ஊர்கள்.

வீட்டுக்குள் நான் செய்த பெரிய தவறு சாமான் அறையில் நடந்தது. ஸ்டோர்கீப்பர் புத்தி. டின்களை எல்லாம் இறக்கித் துடைத்து, பெயர் எழுதி ஒட்டி, உயர வாரியாக அடுக்கி வைத்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன். மனைவி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மிளகாய்த்தூள் எங்கே?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் பேச்சில்லை. இருட்டில் கைவிட்டாலும் எது எங்கே என்று தெரிகிற அவளுடைய அறையில் அவளையே நான் தேடவிட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் எல்லாம் பழைய இடத்துக்குப் போயிருந்தது. என் லேபிள்கள் அப்படியே இருந்தன. பருப்பு என்று எழுதிய டின்னில் இப்போதும் சீனிதான்.

மோட்டார் சைக்கிள் உரிமம் 1999-இல் எடுத்தது, 2019-லேயே காலாவதி. ஒரு வருடத்துக்கு மேல் தாண்டினால் புதுப்பிக்க மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும். ராமநாதபுரத்தில் கல்லூரிப் பையன்கள் வரிசையில் 47 வயதில் நானும் எட்டுப் போட நின்றேன். ஓட்டுவது மறக்கவில்லை. ஆனால் ஷார்ஜாவில் சாலையின் வலப்பக்கமே போய்ப் பழகிய உடம்பு. பழகிப் பார்த்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் வண்டி தானாக வலது ஓரத்துக்கு ஒதுங்கும். பின்னால் இருக்கும் மகன் "வாப்பா, இடது! இடது!" என்று கத்துவான். எட்டின் நடுவில் காலை ஊன்றி முதல் முறை தோற்றேன். இரண்டாம் முறை தேறினேன். முதல் முறையே தேறிய பையன் ஒருவன் எனக்குக் கைகொடுத்தது கொஞ்சம் அதிகம்.

எல்லாவற்றையும் விடக் கடினம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. காவிரிக் கூட்டுக் குடிநீர் தெருக்குழாயில் எப்போது வரும் என்ற கணக்கு எந்தத் தாளிலும் இல்லை, பெண்களின் தலையில் இருக்கிறது. எட்டுக் குடம் வைக்கும் இரும்புத் தள்ளுவண்டியை ஒருநாள் நானே தள்ளிக்கொண்டு போனேன். குழாயடியில் பேச்சு நின்றது. ஒரு மாமி மட்டும், "என்ன தம்பி, வேலை போய்விட்டதா?" என்றார். இல்லை, நானே விட்டுவிட்டேன் என்றேன். ஒரு குடத்துக்கும் அடுத்த குடத்துக்கும் இடையில் ஊருக்கே செய்தி தெரிந்துவிட்டது. மூன்று மாதப் பொய்க்கு வேலையில்லாமல் போனது.

கைப்பிடிப் பக்கம் காலியாக இருக்க முன்வரிசைக் குடங்களை முதலில் நிரப்பினேன். வண்டி தலைகுப்புற விழுந்து முழங்காலுக்குக் கீழே நனைந்தேன். அதே மாமிதான் சொல்லித்தந்தார்: சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும் குடங்களை முதலில் நிரப்ப வேண்டும், பிறகு முன்னே ஒன்று, பின்னே ஒன்று.

போன மாதம் மனைவி ஏர்வாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனாள். "இன்று அசர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வேலை எனக்கு வந்தது அதுதான் முதல் முறை. ஒரு சொட்டுச் சிந்தாமல் பிடித்து வந்து வரிசையாக மூடி வைத்தேன்.

இரவு வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்குள் எண்ணிவிட்டாள். "ஏழுதானே இருக்கிறது?"

மாமிக்கு ஒரு குடம் குறைந்தது, கொடுத்தனுப்பினேன் என்றேன்.

"தண்ணீரைக் கொடுத்தது சரி. குடத்தையுமா கொடுப்பார்கள்? அது திரும்பி வராது."

இன்றுவரை வரவில்லை.