மயானப் பாதைக்கு மனு எழுதப் போகிறீர்களா?

மனுவில் "பாதை அமைத்துத் தர வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் அது நிதி கேட்கும் மனுவாகிவிடும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்" என்ற ஒற்றை வரியோடு திரும்பும். சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளின் டிரங்குப் பெட்டியில் அந்த ஒற்றை வரிக் கடிதம் இருக்கிறது. "இன்ன சர்வே எண்ணில் உள்ள வண்டிப்பாதைப் புறம்போக்கின் ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும்" என்று எழுதுங்கள். அப்போதுதான் அது வருவாய்த்துறையின் வேலையாகும்.

ஆதிதிராவிடர் குடியிருப்பான எங்கள் தெரு குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. குடியிருக்கும் மனையே தாத்தா காலத்தில் 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்தால் எங்களுக்குச் சொந்தமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்கு முன்னும் பின்னும் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் விடாமல் நெருக்கியதால்தான் அந்தச் சட்டம் வந்தது என்று பெரியப்பா சொல்லுவார். மனை கொடுத்தவர்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழியை நினைக்கவில்லை. கார்த்திகையில் சாவு விழுந்தால் நடவு வயலில் இறங்கித்தான் போக வேண்டும். ஒருவர் கம்பால் சேற்றின் ஆழம் பார்த்துக்கொண்டே முன்னால் போவார். பாடை தூக்குபவர்கள் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைப்பார்கள். மறுநாள் மிதிபட்ட நடவுக்குக் காசு கேட்டு ஆள் வரும். துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதையும் எண்ணிக் கொடுத்திருக்கிறோம்.

நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று இளைஞர்கள் துடித்தார்கள். சங்கத்து அக்கா வேண்டாம் என்றார். 2016 ஜனவரியில் மயிலாடுதுறை அருகே திருநாள்கொண்டச்சேரியில் பொதுப்பாதையில் ஒரு தலித் முதியவரின் உடலைக் கொண்டுபோக உயர் நீதிமன்றம் உத்தரவிட்டும், போலீசாரே உடலை வேறு வழியில் எடுத்துப் போய்ப் புதைத்தார்கள். "உத்தரவு பிறகு வரட்டும், முதலில் காகிதத்தைச் சேர்த்துவையுங்கள்" என்பது அக்காவின் கணக்கு.

அதனால் அக்டோபர் 2 கிராம சபையில் ஆரம்பித்தோம். எங்கள் ஊர் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் வர வேண்டும். ஆள் சேர்ந்துவிட்டது, சிக்கல் நோட்டில்தான். வருகைப் பதிவேட்டில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "தீர்மானத்தை நான் பிறகு எழுதிக்கொள்கிறேன்" என்றார் எழுதவேண்டியவர். மயானப் பாதையைப் பற்றிக் கேட்டால், "அதைத் தனியாக மனுவாகக் கொடுங்கள்." எங்கள் தெருப் பெண்கள் பந்தலைவிட்டு நகரவில்லை. தீர்மானத்தை எழுதி, எல்லோரும் கேட்க வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து என்று உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் ஏற ஏற, கூட்டத்தைப் பார்வையிட வந்த அதிகாரியான பற்றாளருக்கும் பொறுமை போய், எழுதச் சொல்லிவிட்டார். நீங்களும் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தின் நகலை உடனே கேளுங்கள்.

எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ பதிவேடும், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படமும் சிரமமில்லாமல் கிடைத்தன. புலப்படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. தெருக்கோடியிலிருந்து வாய்க்கால் மதகு வரை வண்டிப்பாதை கோடு கிழித்தாற்போல இருக்கிறது. வயலில் அது நான்கு பேருடைய வரப்பாக இளைத்துப் போயிருக்கிறது. மதகுக்கு அப்பால் சுடுகாடு வரையுள்ள துண்டு மட்டும் பட்டா நிலம்.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தோம். மனு கீழே இறங்கி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வந்தது. அங்கே ஓர் எழுத்தர், "வண்டிப்பாதை ஊராட்சியுடையது, ஒன்றியத்துக்குப் போங்கள்" என்றார். ஒன்றியத்தில் "நிலம் வருவாய்த்துறையுடையது" என்றார்கள். இரண்டு அலுவலகத்துக்கும் இடையே பஸ் டிக்கெட்டுக்கே கூலி கரைந்தது. கடைசியில் ஒரு வயதான உதவியாளர்தான் காதோடு சொன்னார்: "ந.க. எண்ணை, அதாவது மனுவுக்கு அலுவலகம் போடும் கோப்பு எண்ணைக் கேளுங்கள். எண் இருந்தால் அது அந்த எழுத்தர் தன் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறியிருக்கும், அவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்." கேட்டோம். எண்ணே போடப்படவில்லை. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் "என் மனுமீது எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் உள்ளது" என்று மட்டும் கேட்டோம். 30 நாள் கெடு முடிவதற்குள் எண் வந்துவிட்டது. நீளமாகக் கேள்வி கேட்டால் "தகவல் ஏதுமில்லை" என்று தப்பித்துக்கொள்வார்கள்.

பட்டாத் துண்டுக்கு வேறு கதை. ஆதிதிராவிடர் நலத்துக்காக நிலம் எடுக்க 31/1978 எண்ணுள்ள மாநிலச் சட்டம் இருக்கிறது. மயானமும் அதில் அடங்கும். அதைச் சொன்னதும் நலப் பிரிவு அதிகாரி சிரித்தார். "அந்தச் சட்டத்தைத்தான் கோர்ட் செல்லாது என்று சொல்லிவிட்டதே." பாதிதான் உண்மை. 2019-இல் உயர் நீதிமன்றம் அப்படிச் சொன்னது. அதே ஆண்டு சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி அதை உயிர்ப்பித்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்தப் புதுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. சங்க வக்கீல் அச்செடுத்துக் கொடுத்திருந்த தீர்ப்பை மேசையில் வைத்தோம். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நிலம் எடுப்பைப் பார்க்கும் தனி வட்டாட்சியருக்கு எழுதுகிறேன்" என்றார். மதியச் சோறு அன்றைக்கு ருசித்தது.

சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள முன்மாதிரிக் கிராமங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. நல்லதுதான். தனிச் சுடுகாட்டுக்குக்கூட வழியில்லாத தெருவுக்கு அதில் என்ன இருக்கிறது?

அளவை பற்றி ஓர் எச்சரிக்கை. சர்வேயர் முதலில் "நடவு நேரம், அறுவடை முடியட்டும்" என்றார். அறுவடை முடியும் முன்பே தாளடியில் உளுந்து தெளித்துவிட்டார்கள். "உளுந்து எடுக்கட்டும்" என்றார். விட்டிருந்தால் ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை என்று இன்னொரு வட்டம் சுற்றியிருக்கும். உளுந்து பறிப்புக்கும் குறுவை உழவுக்கும் இடையே உள்ள வெறும் வயலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடைவெளித் தேதியை மனுவிலேயே குறிப்பிட்டுக் கேட்டதால் எங்களுக்கு ஆள் வந்தது.

மதகு வரை கல் நட்டாயிற்று. ஆக்கிரமிப்பாளருக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் போயிருக்கிறது. பட்டாத் துண்டின் கோப்பு தனி வட்டாட்சியரிடம் இருக்கிறது. கல் நட்ட அன்றே அளவைக் குறிப்பின் நகலைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கல்லைப் பிடுங்கிப் போட ஓர் இரவு போதும். எங்களுக்கு இன்னும் நகல் தரவில்லை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.